இயன்முறை மருத்துவத்தில் தமனிப் புடைப்பும் புறத்தமனி நோயும்

தமனிப் புடைப்பு என்பது தமனியின் சுவர் வலுவிழந்து, அவ்விடத்தில் குழாய் நிலையாக விரிந்து காணப்படும் நிலை ஆகும். மருத்துவர்கள் இதனை அனியூரிசம் என்று அழைப்பர். புறத்தமனி நோய் என்பது கால்களுக்கும், அரிதாகக் கைகளுக்கும், குருதியைக் கொண்டுசெல்லும் தமனிகள் குறுகி அல்லது அடைபட்டுப் போவதால் உண்டாகும் நோயாகும். ஒன்றில் குழாய் விரிகின்றது, மற்றொன்றில் சுருங்குகின்றது. எனினும் புகைபிடித்தல், முதுமை, உயர் குருதியழுத்தம் ஆகியவை இரண்டிற்கும் பொதுவான காரணிகளாக உள்ளன. ஒரே நபரிடம் இரண்டும் சேர்ந்து இருப்பதும் உண்டு.

இவ்விரு நோய்களும் இயன்முறை மருத்துவத்துடன் இருவகைகளில் தொடர்புடையவை. முதலாவதாக, இவை தசை அல்லது எலும்பு வலியைப் போலத் தோற்றமளிப்பதால், நோயாளி முதுகுவலி, இடுப்புவலி, கெண்டைக்கால் வலி என்று கூறி இயன்முறை மருத்துவரிடமே முதலில் வந்து சேரக்கூடும். இரண்டாவதாக, வேறு காரணத்திற்காக (மூட்டு மாற்று அறுவைக்குப் பின்னர், பக்கவாதத்திற்குப் பின்னர்) பயிற்சி பெறும் முதியவருக்கு இந்நோய் மறைவாக இருக்கக்கூடும். ஆத்திரேலியாவில் 1976ஆம் ஆண்டிலிருந்து மருத்துவரின் பரிந்துரை இன்றியே இயன்முறை மருத்துவரை அணுக முடிகின்றது. பின்னர் வேறு பல நாடுகளும் இம்முறையை ஏற்றன. தமிழ்நாட்டில் 2021 ஆகத்து மாதம் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சை நோயாளியின் வீட்டிற்கே சென்று அளிக்கப்படுகின்றது. வீட்டில் மீயொலிக் கருவியோ நிபுணரோ அருகில் இருப்பதில்லை. எனவே வலியின் தன்மையை வைத்தே ஐயம் கொள்ளத் தெரிந்திருப்பது இன்றியமையாததாகின்றது.

சொற்கள் குறித்து

இந்தியத் தமிழில் தமனி, சிரை எனப்படுபவை இலங்கைப் பாடநூல்களில் முறையே நாடி, நாளம் எனப்படுகின்றன. தமிழ்நாட்டில் நாடி என்ற சொல் பெரும்பாலும் துடிப்பையே குறிப்பதால், குழப்பத்தைத் தவிர்க்க இக்கட்டுரையில் தமனி என்ற சொல்லே ஆளப்படுகின்றது. சிரைகளில் ஏற்படும் நோய்களும், மூளைத் தமனிகளில் தோன்றும் புடைப்புகளும் இங்கு எடுத்துக்கொள்ளப்படவில்லை.

வயிற்றுப் பெருந்தமனிப் புடைப்பு

இதயத்தில் இருந்து புறப்படும் பெருந்தமனி முதுகெலும்பை ஒட்டிக் கீழிறங்கி, ஏறத்தாழ தொப்புள் மட்டத்தில் இரு கிளைகளாகப் பிரிகின்றது. சிறுநீரகத் தமனிகளுக்குக் கீழேயுள்ள பகுதியின் விட்டம் வளர்ந்தவர்களில் சுமார் 2 செ.மீ. ஆகும். இது 3 செ.மீ. அல்லது அதற்கு மேல் விரிந்திருந்தால் புடைப்பு எனக் கொள்ளப்படுகின்றது. 65 வயதைக் கடந்த, புகைபிடிக்கும் அல்லது முன்பு புகைபிடித்த ஆண்களே இதற்கு மிகுதியாக ஆளாகின்றனர். பெண்களில் இது குறைவு. ஆனால் அவர்களில் சிறிய அளவிலேயே வெடித்துவிடும் போக்கு உள்ளது. பெற்றோர் அல்லது உடன்பிறந்தாருக்கு இந்நோய் இருந்திருப்பதும் ஒரு முக்கிய காரணியாகும். வியப்பாக, நீரிழிவு உள்ளவர்களில் இப்புடைப்பு குறைவாகவே காணப்படுகின்றது. புறத்தமனி நோயிலோ நீரிழிவு முதன்மையான குற்றவாளி.

ஒரு முறை விரியத் தொடங்கிய குழாய் ஏன் மேலும் விரிகின்றது என்பதை லாப்லாசின் விதி விளக்குகின்றது. உருளை வடிவக் குழாயின் சுவரில் தோன்றும் இழுவிசை, உள்ளழுத்தத்தையும் ஆரத்தையும் பெருக்கி வரும் அளவிற்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஆரம் இருமடங்கானால், அதே குருதியழுத்தத்தில், சுவர் தாங்க வேண்டிய இழுவிசையும் இருமடங்காகும். விரியும்போது சுவர் மெலிவதும் உண்டு என்பதால் நிலைமை இன்னும் மோசமாகின்றது. மிதிவண்டி டியூபில் காற்றடிக்கும்போது பலவீனமான ஓரிடம் மட்டும் குமிழாகப் புடைப்பதைப் பலரும் கண்டிருப்பர். டியூப் முழுவதும் அழுத்தம் ஒன்றே. இருந்தும் புடைத்த இடமே மேலும் புடைக்கின்றது.

புடைப்பு வெடித்தால் பெரும்பாலானோர் இறக்கின்றனர். அவர்களில் பலர் மருத்துவமனையை அடைவதே இல்லை. மாறாக, முன்னரே கண்டறிந்து திட்டமிட்டுச் செய்யப்படும் அறுவையில் இறப்பு மிகக் குறைவு. இதனாலேயே இங்கிலாந்தில் 2009ஆம் ஆண்டு முதல் 65 வயதை எட்டும் ஆண்களுக்கு மீயொலிப் பரிசோதனை அளிக்கும் திட்டம் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவில் புகைபிடித்த பழக்கமுள்ள 65 முதல் 75 வயது வரையிலான ஆண்களுக்கு ஒரு முறை பரிசோதனை பரிந்துரைக்கப்படுகின்றது. இந்தியாவில் இத்தகைய நாடு தழுவிய திட்டம் இல்லை. ஆகவே இங்கு பல புடைப்புகள் வேறு காரணத்திற்காக எடுக்கப்படும் வயிற்று மீயொலிப் படத்தில் தற்செயலாகவே அகப்படுகின்றன.

பாரிசில் சார்ல் துபோ 1951ஆம் ஆண்டில் புடைப்பை அகற்றி அவ்விடத்தில் மாற்றுத் தமனியைப் பொருத்தினார். அதற்கு முன் இருந்த வழிகள் சொற்பம். இயற்பியலாளர் ஆல்பர்ட் ஐன்ஸ்டைனின் வயிற்றில் 1948ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட புடைப்பின் மீது, அறுவை மருத்துவர் ருடால்ப் நிசன் செலோபேன் தாளைச் சுற்றினார். அத்தாள் சுற்றிலும் வடுத்திசுவைத் தூண்டிச் சுவரை இறுக்கும் என்பது அக்காலக் கருத்து. ஐன்ஸ்டைன் மேலும் ஆறாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். 1955 ஏப்ரலில் புடைப்பு வெடித்தபோது அறுவையை மறுத்து, பிரின்சுடனில் காலமானார். 1990ஆம் ஆண்டில் புவெனசு ஐரிசில் உவான் பரோடி, தொடைத் தமனி வழியாக உறைக்குழாயை உட்செலுத்தி வயிற்றுப் புடைப்பைச் சரிசெய்தார். வயிற்றைக் கிழிக்காத இம்முறை இன்று பரவலாகக் கையாளப்படுகின்றது.

முதுகுவலியாக வரும்போது

பெரும்பாலான புடைப்புகள் எவ்வித அறிகுறியும் தருவதில்லை. அறிகுறி தரத் தொடங்கும் புடைப்பு விரைந்து விரிவதாகவோ கசிவதாகவோ இருக்கக்கூடும் என்பதால் அதனை அவசர நிலையாகவே கருத வேண்டும். பெருந்தமனி முதுகெலும்பின் முன்புறத்திலேயே அமைந்துள்ளதால் வலி கீழ்முதுகில் உணரப்படுகின்றது. விலாவிலும், கவட்டியிலும், சில வேளைகளில் தொடையிலும் பரவுகின்றது. இதனால் தசைப்பிடிப்பு, வட்டு விலகல், சிறுநீரகக்கல் என்றெல்லாம் தவறாகக் கொள்ளப்படுகின்றது.

வேறுபடுத்தி அறிய உதவும் குறிப்பு ஒன்று உண்டு. தசை, மூட்டு சார்ந்த முதுகுவலி ஏதேனும் ஓர் அசைவில் கூடும், ஏதேனும் ஒரு கிடையில் குறையும். நோயாளி குனிந்தாலும் நிமிர்ந்தாலும் புரண்டு படுத்தாலும் வலியில் மாற்றமே இல்லையெனில், வலிக்கான இடம் முதுகெலும்பு அல்ல என்று ஐயுற வேண்டும். அத்துடன் வலி ஆழமாகவும் துடிப்பாகவும் இருத்தல், இரவில் தொடர்தல், அண்மையில் திடீரெனத் தோன்றியிருத்தல், நோயாளி 60 வயதைக் கடந்த புகைபிடிப்பவராக இருத்தல், படுத்திருக்கும்போது வயிற்றில் இதயம் துடிப்பது போல உணர்வதாகக் கூறுதல் ஆகியவை சேர்ந்தால் ஐயம் வலுக்கின்றது. இவற்றுள் வயதும் புகைப்பழக்கமும் கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடியவை. கேட்பதற்கு ஒரு நிமிடம் போதும். ஆனால் முதுகுவலிக்காக வருபவரிடம் பீடி, சிகரெட் பழக்கம் பற்றிக் கேட்கும் வழக்கம் பல இடங்களில் இல்லை.

கையால் தொட்டுப் பார்க்கும் பரிசோதனை எளிது. நோயாளியை மல்லாந்து படுக்கவைத்து, முழங்கால்களை மடித்து, வயிற்றுத் தசைகள் தளர்ந்த பின்னர், தொப்புளுக்குச் சற்று மேலே இரு கைகளின் விரல்களையும் நடுக்கோட்டின் இருபுறமும் வைத்து மெல்ல அழுத்த வேண்டும். ஒல்லியானவர்களில் இயல்பான பெருந்தமனியின் துடிப்பும் நன்கு தெரியும் என்பதால், துடிப்பு வலுவாக உள்ளதா என்பது இங்கு முக்கியமன்று. இரு விரல்களும் ஒவ்வொரு துடிப்பிலும் விலகித் தள்ளப்படுகின்றனவா, அவற்றிடையே உள்ள அகலம் எவ்வளவு என்பவையே முக்கியம். மென்மையாகத் தொடுவதால் புடைப்பு வெடிக்கும் என்ற அச்சத்திற்கு ஆதாரம் இல்லை.

இப்பரிசோதனையின் வரம்பையும் அறிந்திருக்க வேண்டும். பல ஆய்வுகளைத் தொகுத்து 1999ஆம் ஆண்டில் வெளியான கட்டுரையின்படி, 3.0 முதல் 3.9 செ.மீ. வரையுள்ள புடைப்புகளில் 29 விழுக்காடும், 4.0 முதல் 4.9 செ.மீ. வரையுள்ளவற்றில் 50 விழுக்காடும், 5 செ.மீ. அல்லது அதற்கு மேற்பட்டவற்றில் 76 விழுக்காடும் மட்டுமே கைக்கு அகப்பட்டன. வயிறு பருத்தவர்களில் இது மேலும் குறையும். கைக்குத் தட்டுப்படவில்லை என்பதால் புடைப்பு இல்லை என்று கூறிவிட முடியாது. ஐயம் இருப்பின் மீயொலிப் படமே முடிவு சொல்லும். அப்பரிசோதனை வலியற்றது, கதிர்வீச்சு அற்றது.

திடீர்க் கடும் வலி, குருதியழுத்த வீழ்ச்சி, துடிக்கும் வயிற்றுக் கட்டி ஆகிய மூன்றும் வெடிப்பின் பாடநூல் அறிகுறிகளாகும். நடைமுறையில் மூன்றும் ஒன்றாகத் தென்படாத நோயாளிகள் பலர். முதியவர் ஒருவர் பயிற்சியின்போது திடீர் முதுகுவலியுடன் வியர்த்து மயங்கினால், காத்திராமல் அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

இன்னொரு செய்தியும் குறிப்பிடத்தக்கது. சிப்ரோபிளாக்சசின் உள்ளிட்ட புளோரோகுயினொலோன் வகை நுண்ணுயிர்க்கொல்லிகள் தசைநாண் கிழிவை உண்டாக்கக்கூடியவை என்பது இயன்முறை மருத்துவர்கள் அறிந்ததே. இவை பெருந்தமனிச் சுவரையும் பாதித்து, புடைப்பு உள்ளவர்களில் வெடிப்புக்கு இட்டுச்செல்லலாம் என 2018 திசம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரிக்கை வெளியிட்டது.

புடைப்பு உள்ளவருக்குப் பயிற்சி

சிறு புடைப்பு உள்ளது என்று தெரிந்தவுடன் நோயாளியைப் படுக்கையில் கிடத்திவிடுவது முன்பு வழக்கமாக இருந்தது. இது தேவையற்றது. 4.0 முதல் 5.5 செ.மீ. வரையுள்ள புடைப்புகளை உடனே அறுவை செய்வதற்கும், தொடர்ந்து அளந்து கண்காணிப்பதற்கும் இடையே ஆயுட்காலத்தில் வேறுபாடு இல்லை என்பதை பிரித்தானிய ஆய்வும் (1998) அமெரிக்க ஆய்வும் (2002) காட்டின. எனவே ஆண்களில் 5.5 செ.மீ., பெண்களில் 5 செ.மீ. என்ற அளவு வரை பொதுவாகக் கண்காணிப்பே மேற்கொள்ளப்படுகின்றது. இவ்வாறு பல ஆண்டுகள் காத்திருக்கும் ஒருவர் அசையாமல் இருந்தால் இதயமும் தசைகளும் நலிந்து, பின்னாளில் அறுவையைத் தாங்கும் வலுவையும் இழப்பார். சிறு புடைப்பு கொண்ட 140 பேரை வைத்து நடத்தப்பட்டு 2014ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், மேற்பார்வையுடன் கூடிய மிதமான பயிற்சி உடல்திறனைக் கூட்டியது. புடைப்பு வளரும் வேகத்தை அது கூட்டவில்லை.

தவிர்க்க வேண்டியது மூச்சை அடக்கிக்கொண்டு பளுவைத் தள்ளுவது ஆகும். 1985ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், ஐந்து உடற்கட்டுப் பயிற்சியாளர்களின் மேற்கைத் தமனியில் நேரடியாக அளந்தபோது, இரு கால்களாலும் பெரும் பளுவைத் தள்ளும் வேளையில் சராசரிக் குருதியழுத்தம் 320/250 மி.மீ. பாதரசம் ஆகவும், ஒருவரில் 480/350க்கு மேலாகவும் உயர்ந்தது. இவர்கள் நலமான இளைஞர்கள். லாப்லாசின் விதியில் அழுத்தமும் ஒரு காரணி என்பதை இங்கு நினைவுகூரலாம். ஆகவே புடைப்பு உள்ளவருக்குக் குறைந்த பளுவும், தள்ளும்போது மூச்சை வெளியே விடுவதும், எண்ணிக்கையை உரக்கச் சொல்லவைப்பதும் (பேசுபவரால் மூச்சை அடக்க முடியாது) உகந்தவை. கட்டிலில் இருந்து எழுதல், மலச்சிக்கலில் முக்குதல் ஆகியவற்றிற்கும் இது பொருந்தும். கீழ்முதுகெலும்பை விசையுடன் திருகும் கைமுறைகளும், வயிற்றின் ஆழத்தில் அழுத்தும் பிடித்துவிடுதலும் விலக்கப்பட வேண்டியவை.

முழங்கால் மடிப்புத் தமனிப் புடைப்பு

பெருந்தமனிக்கு வெளியே, கால்களிலும் கைகளிலும் தோன்றும் புடைப்புகளுள் மிகுதியானது முழங்காலின் பின்புற மடிப்பில் ஏற்படுவதாகும். பாதிப் பேருக்கு இரு கால்களிலும் இது இருக்கும். இவர்களில் கணிசமானோருக்கு வயிற்றிலும் புடைப்பு இருப்பதால், ஒன்றைக் கண்டால் மற்றதைத் தேடுவது வழக்கம். இது வெடிப்பது அரிது. இதனுள் உறையும் குருதிக்கட்டி சிதறிக் கீழ்க்காலின் தமனிகளை அடைப்பதே இதன் ஆபத்து. முழங்கால் வலிக்கு வருபவரின் மடிப்பில் உள்ள வீக்கத்தைப் பேக்கர் நீர்க்கட்டி என்று முடிவு செய்யும் முன்னர் விரலை வைத்துத் துடிப்பு உள்ளதா என்று பார்ப்பது நல்லது. இலண்டனில் ஜான் ஹண்டர் 1785ஆம் ஆண்டில் குதிரை வண்டியோட்டி ஒருவரின் இதே புடைப்பிற்காகத் தொடையில் தமனியைக் கட்டி, காலை வெட்டாமல் காப்பாற்றினார்.

புறத்தமனி நோய்

தமனிக்கூழ்மைத் தடிப்பே இந்நோய்க்கு முதன்மைக் காரணம். 2015ஆம் ஆண்டில் உலகில் சுமார் 23.6 கோடிப் பேருக்கு இந்நோய் இருந்ததாக மதிப்பிடப்பட்டது. இதயத் தமனிகளிலும் மூளைத் தமனிகளிலும் இதே தடிப்பு இருக்கும் வாய்ப்பு மிகுதி. இந்நோயாளி காலை இழப்பதைக் காட்டிலும் மாரடைப்பாலோ பக்கவாதத்தாலோ இறப்பதற்கே அதிக வாய்ப்புள்ளது. எனவே கால்வலியாகவே வந்தாலும் அது முழு உடலைப் பற்றிய எச்சரிக்கையாகும்.

இதன் தனித்த அறிகுறி இடைவிட்ட நொண்டல். குறிப்பிட்ட தொலைவு நடந்தவுடன் கெண்டைக்காலில் பிடிப்பு ஏற்பட்டு நிற்கவைக்கும். சில நிமிடங்கள் நின்றால் நீங்கும். மீண்டும் அதே தொலைவில் வரும். இதனை 1831ஆம் ஆண்டில் பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர் பூலே முதலில் ஒரு குதிரையில் விவரித்தார். மனிதரில் விவரித்தவர் சார்க்கோ (1858). அடைப்பு இடுப்புக்கு மேலே பெருந்தமனியின் கவட்டில் இருந்தால் வலி பிட்டத்திலும் தொடையிலும் வரும். ஆண்களில் ஆண்மைக்குறைவும் சேரும். லெரிஷ் கூட்டறிகுறி எனப்படும் இது இடுப்பு மூட்டுத் தேய்மானமாக எண்ணப்படுவது உண்டு. நோயாளிகளில் பலருக்குத் தனித்த நொண்டல் இருப்பதில்லை என்பதையும் கூற வேண்டும். நீரிழிவால் நரம்புணர்வு குன்றியவருக்கு வலியே தெரியாமல் முதல் அறிகுறியாகப் பாதப்புண் தோன்றலாம்.

முதுகெலும்புக் குழல் குறுகலால் வரும் நரம்புசார் நொண்டலும் நடக்கும்போதே வருவதால், இரண்டையும் பிரித்தறிவது இயன்முறை மருத்துவரின் அன்றாடச் சிக்கல்களுள் ஒன்றாகும். தமனி நோயில் நின்றாலே வலி நீங்கும், உட்காரத் தேவையில்லை. நரம்புசார் நொண்டலில் நிற்பது வலியைக் கூட்டும். உட்கார வேண்டும் அல்லது முன்னோக்கிக் குனிய வேண்டும். தள்ளுவண்டியைப் பிடித்துக் குனிந்து நடந்தால் இவருக்குச் சுகமாக இருக்கும். தமனி நோயாளிக்கு மேடேறுவது கடினம், ஏனெனில் தசைக்குக் கூடுதல் உயிர்வளி தேவைப்படுகின்றது. நரம்புசார் நொண்டல் உள்ளவருக்கு இறக்கமே கடினம், ஏனெனில் இறங்கும்போது முதுகு பின்னோக்கி வளைகின்றது. ஐயம் நீடித்தால் நிலைமிதிவண்டியில் குனிந்தவாறு மிதிக்கச் செய்யலாம். முதுகு குனிந்திருந்தும் கெண்டைக்கால் வலித்தால் காரணம் தமனியே. முதியவர்களில் இரண்டும் சேர்ந்தே இருப்பதும் உண்டு. அப்போது இவ்விதிகள் எல்லாம் குழம்பும்.

கணுக்கால்-மேற்கை அழுத்த விகிதம்

டாப்ளர் கருவியால் கணுக்காலில் அளக்கப்படும் சுருக்கழுத்தத்தை மேற்கையின் சுருக்கழுத்தத்தால் வகுத்தால் இவ்விகிதம் கிடைக்கும். இரு கைகளில் எது அதிகமோ அதுவே கொள்ளப்படும். காட்டாக, கையில் 140, கணுக்காலில் 84 எனில் விகிதம் 0.60 ஆகும். 1.00 முதல் 1.40 வரை இயல்பானது. 0.90 அல்லது அதற்குக் கீழ் எனில் நோய் உள்ளது. 0.40க்குக் கீழ் கடுமையானது. 1.40க்கு மேல் வந்தால் மகிழ்ச்சியடைய ஒன்றுமில்லை. நீரிழிவாலும் நாட்பட்ட சிறுநீரக நோயாலும் தமனிச் சுவரில் சுண்ணம் படிந்து, பட்டையால் அமுக்க முடியாமல் போனதையே அது காட்டுகின்றது. இவர்களுக்குக் கால்விரல் அழுத்தத்தை அளக்க வேண்டும். ஓய்வில் விகிதம் இயல்பாக இருந்து நடைக்குப் பின்னர் வீழ்வதும் உண்டு.

நடைப்பயிற்சி

இந்நோய்க்கு மருந்தைப் போலவே பயிற்சியும் ஒரு சிகிச்சையாகும். 1966ஆம் ஆண்டில் லார்சனும் லாசனும் ஒப்பீட்டு ஆய்வு மூலம் இதனைக் காட்டினர். வாரத்திற்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் 30 முதல் 60 நிமிடங்கள், குறைந்தது 12 வாரங்கள் என்பது வழக்கமான அளவு. நோயாளி மிதமான வலி வரும்வரை நடந்து, வலி முற்றிலும் நீங்கும்வரை நின்று, மறுபடி நடக்க வேண்டும். வலி வந்தால் நிறுத்திவிட வேண்டும் என்று நோயாளிக்குத் தோன்றுவது இயல்பு. ஆனால் 2021ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், வலியின்றி மெதுவாக வீட்டில் நடந்தவர்களுக்குப் பயன் கிட்டவில்லை, வலி வரும் வேகத்தில் நடந்தவர்களுக்கே கிட்டியது. இந்த வலி தசையைச் சேதப்படுத்துவதில்லை என்பதை முதல் நாளிலேயே விளக்கிக் கூறாவிடில் நோயாளி மறுவாரம் வருவதில்லை. புதுத் தமனிக் கிளைகள் வளர்வதைவிட, தமனி உட்சுவரின் செயற்பாடும் தசை உயிர்வளியைப் பயன்படுத்தும் திறனும் மேம்படுவதே பலனுக்குப் பெரிதும் காரணமாகக் கருதப்படுகின்றது. பெருந்தமனி-இடுப்புத் தமனி அடைப்பு உள்ளவர்களில் 2012ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், ஆறு மாத முடிவில் நடைநேரம் ஸ்டென்ட் வைத்தவர்களைக் காட்டிலும் மேற்பார்வையில் பயிற்சி செய்தவர்களுக்கே அதிகம் கூடியிருந்தது.

படுத்திருக்கும்போதும் வலி, ஆறாத புண், கருத்த விரல் ஆகியவை இருப்பின் நடைப்பயிற்சி பொருந்தாது. இவர்களை முதலில் குருதிக்குழாய் அறுவை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

பியூர்கர் நோய்

லியோ பியூர்கர் 1908ஆம் ஆண்டில் விவரித்த இந்நோய் பெரும்பாலும் 45 வயதிற்குட்பட்ட, புகையிலைப் பழக்கமுள்ள ஆண்களைத் தாக்குகின்றது. தெற்காசியாவில் பீடி புகைப்போரில் இது மிகுதி. இதில் கொழுப்பு படிவதில்லை. சிறு தமனிகளும் சிரைகளும் அழற்சியுற்று அடைபடுகின்றன. புகையிலையை முற்றிலும் கைவிடுவதே சிகிச்சை. குறைத்துக்கொள்வது பயன் தருவதில்லை.

செய்யக்கூடாதவை

குளிர்ந்திருக்கும் பாதத்தைச் சூடாக்க வேண்டும் என்ற எண்ணம் எவருக்கும் எழும். குருதியோட்டம் குன்றிய பாதத்தில் வெந்நீர் ஒத்தடமோ, சூட்டுப் பையோ, மெழுகுக் குளியலோ வைத்தால், திசுவின் உயிர்வளித் தேவை கூடுகின்றது. அடைபட்ட தமனியால் அத்தேவையை ஈடுசெய்ய முடிவதில்லை. சூட்டைக் குருதி எடுத்துச்செல்லாததால் தோல் வெந்து, உணர்வும் இல்லாத நிலையில், புண் அழுகலில் முடியக்கூடும். கால்வீக்கத்திற்கு அழுத்தக் கட்டு போடுவதற்கு முன்பும் மேற்கூறிய விகிதத்தை அளப்பது கட்டாயம். 0.5க்குக் கீழ் இருந்தால் அழுத்தக் கட்டு கூடாது. வெறுங்காலுடன் நடப்பதைத் தவிர்த்து, நாள்தோறும் பாதத்தைக் கண்ணால் பார்த்துச் சோதிக்க வேண்டும். உணர்வற்ற பாதங்களில் புண் எவ்வாறு உருவாகின்றது என்ற அறிவுக்கு, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்ட் தொழுநோயாளிகளிடையே ஆற்றிய பணி பெரிதும் அடித்தளமிட்டது.

திடீரென ஒரு கால் வெளிறி, குளிர்ந்து, துடிப்பிழந்து, வலித்து, பின்னர் மரத்து, விரல்களை அசைக்க முடியாமற் போனால் அது தீவிரத் தமனி அடைப்பாகும். சுமார் ஆறு மணி நேரத்திற்குள் குருதியோட்டத்தை மீட்காவிடில் தசைகள் மீளா நிலையை அடையக்கூடும். இந்நிலையில் காலைத் தேய்த்துவிடுவதிலும் ஒத்தடம் கொடுப்பதிலும் கழியும் நேரம் காலை இழக்கச் செய்யும் நேரமாகும்.